1200 வாட் இண்டக்ஷனா, 5 கிலோ சிலிண்டரா, மெஸ் டோக்கனா? காரைக்குடியில் ரூம் எடுத்துப் படிப்பவர்களுக்கு

ஹாஸ்டலை விட்டு வெளியே ரூம் எடுக்கும் மாணவர் முதல் வாரத்தில் வாங்குவது மூன்று பொருள்: பாய், வாளி, இண்டக்ஷன் அடுப்பு. முதல் இரண்டில் ஏமாற ஒன்றுமில்லை. மூன்றாவதில்தான் பலரும் காசையும் நிம்மதியையும் விடுகிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகம், 1952-ல் தொடங்கிய அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, கலைக்கல்லூரி, பாலிடெக்னிக் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் செக்காலை, சுப்பிரமணியபுரம், கழனிவாசல், பர்மா காலனி என்று சுற்றுவட்டாரம் முழுக்க வாடகை ரூம்கள். சில புதுசாகக் கட்டிய மாடி ரூம்கள். சில பழைய செட்டிநாட்டு வீடுகளின் இரண்டாங்கட்டிலோ மாடியிலோ தடுத்துக் கொடுத்தவை. இந்த இரண்டுக்கும் ஒரே அடுப்பு சரிப்படாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு உங்கள் ரூம் தெரியாது.

இங்கே எடைபோடுவது மூன்றை: 1200 வாட் பட்டன் வைத்த இண்டக்ஷன், முகவரிச் சான்று கேட்காத 5 கிலோ சிலிண்டர், மாத டோக்கன் மெஸ். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தனியாக இருப்பவருக்கு, எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்) உள்ள ப்ளக் பாயிண்ட் இருந்தால், 1200 வாட் இண்டக்ஷனும் மதியத்துக்கு மட்டும் மெஸ்ஸும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சமைப்பதாக இருந்து, ஜன்னலோ பின்வாசலோ உள்ள அடுப்படி கிடைத்தால் சிலிண்டர். எர்த் இல்லாத பழைய ரூமில் இண்டக்ஷன் வேண்டவே வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ரூம் பார்க்கப் போகும்போது எல்லோரும் பாத்ரூமையும் தண்ணீரையும் பார்க்கிறார்கள். இந்த ஊரின் பெயர்பெற்ற சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீரா என்று கேட்பது சரிதான், டீயின் ருசியே அதில் மாறும். ஆனால் சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மூன்று ஓட்டையும் சிறியதாக இருந்தால் அது 6 ஆம்பியர். பெரிய ஓட்டைகள் இருந்தால் 16 ஆம்பியர், ஊர் வழக்கில் 'பவர் ப்ளக்'. 230 வோல்ட்டில் 1200 வாட் அடுப்பு 5.2 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். சிறிய பாயிண்டில் 1200 தாக்குப்பிடிக்கும், 2000 தாக்குப்பிடிக்காது. 2000 வாட் வாங்கிவிட்டுப் பெரிய ப்ளக்கைச் சின்னதாக்கும் அடாப்டர் வாங்கி மாட்டுவதுதான் ரூம்களில் நடக்கும் மிகப் பெரிய தப்பு. இரண்டு வாரத்தில் அடாப்டரின் பித்தளைப் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகும், மீன் வாடை போல ஒரு வாடை வரும். அந்த வாடை வந்த அன்றே நிறுத்திவிட வேண்டும், அடுத்தது உருகல்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பாக்ஸ்களில் வயர் 0.5 அல்லது 0.75 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். லேப்டாப், போன், ஃபேனுக்கு அது போதும். அடுப்புக்கு 1.5 சதுர மில்லிமீட்டராவது வேண்டும். அளவு வயரின் மேலேயே அச்சிட்டிருக்கும். அச்சே இல்லாத வயரைத் தொடவேண்டாம். மிச்ச வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்தபடி அடுப்பை ஓட்டுவதும் கூடாது. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உள்வயர் இளகும்.

பழைய செட்டிநாட்டு வீட்டு ரூம் என்றால் இன்னும் இரண்டு வேலை. வயர் எப்படிப் போகிறது என்று அண்ணாந்து பாருங்கள். மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடும் பழைய வயரிங் இன்றும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. பர்மா தேக்கில் கட்டிய வீட்டில் தேக்குச் சட்டத்தின் மேல் சூடேறும் வயர் ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று விளக்கவேண்டியதில்லை. அடுத்து எர்த். மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் வயர் வந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் டெஸ்ட் பல்பின் ஒரு முனையை பேஸிலும் (கரண்ட் வரும் ஓட்டை) மறுமுனையை எர்த்திலும் வைத்துப் பார்ப்பார். நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் ஓட்டை) வைத்தால் எரிகிற அதே பிரகாசத்தில் பல்பு எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலும் எரியவே இல்லையென்றாலும் எர்த் சரியில்லை.

எர்த் இல்லாத பாயிண்டில் இண்டக்ஷன் ஓட்டினால் என்ன ஆகும்? பாத்திரத்தைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று இழுக்கும். பலரும் அடுப்பு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கெட்டது அடுப்பு இல்லை. அடுப்புக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குக் கட்டப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கரண்டி வழியாக உங்கள் கைக்கு வரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று எவர்சில்வர் கரண்டியால் கிண்டுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். செருப்புப் போட்டுக்கொள்வது, மரக்கரண்டி வைத்துக்கொள்வது எல்லாம் அன்றைக்குச் சமாளிக்கத்தான். எர்த் போட்டுத் தருகிறாரா என்று வீட்டு ஓனரிடம் அட்வான்ஸுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். "ஆச்சி, பவர் ப்ளக்கும் எர்த்தும் போட்டுக் கொடுத்தா நான் இண்டக்ஷன் மட்டும் வச்சுக்கிறேன், கேஸ் வைக்க மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். சிலிண்டருக்குப் பயந்து சமையலே கூடாது என்று சொல்லும் வீடுகளில்கூட இந்தப் பேச்சு எடுபடும்.

சப்-மீட்டர் கணக்கு

வெளியே தங்குபவர்களின் தீராத தகராறு கரண்ட் பில். வீட்டு இணைப்புக்கு 2016-ல் வந்த சலுகையில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் நான்கைந்து ரூமும் ஒரே இணைப்பில் ஓடினால் அந்த 100 எந்த மூலைக்கும் போதாது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அடுக்கு விலையும் ஏறிவிடும். அதனால்தான் ஓனர்கள் ரூமுக்கு ரூம் தனியாக சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போடுகிறார்கள். 'கரண்டுக்குத் தனி' என்று வாயால் சொன்னால் போதாது. யூனிட்டுக்கு எத்தனை ரூபாய், மோட்டார் கரண்டும் இதில் சேருமா, மாடிப்படி விளக்கு யார் கணக்கில் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மீட்டரே சரியா என்று நீங்களே பார்க்கலாம். முதலில் ரூமில் எல்லாவற்றையும் அணையுங்கள், போன் சார்ஜரையும் பிடுங்குங்கள். மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்கு அப்போதும் சிமிட்டினால் வேறு எதுவோ உங்கள் கணக்கில் ஓடுகிறது. அடுத்து மீட்டரின் முகப்பில் '3200' அல்லது '1600' என்று ஓர் எண் இருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று அர்த்தம். மற்றதெல்லாம் அணைந்திருக்கும்போது ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் வைத்து 1200-ல் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 64 சிமிட்டல், 1600 மீட்டரில் 32. அடுப்பே பத்து சதவீதம் கூடக் குறைய இழுக்கும் என்பதால் 58 முதல் 70 வரை வந்தால் சண்டைக்குப் போகவேண்டாம். 90 வந்தால் போகலாம், கையில் கணக்கு இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 யூனிட், ஐந்து நிமிடம். ஒரு வேளைச் சோறு, ஒரு குழம்பு, இரண்டு தடவை டீ, ஒரு முட்டை என்று ஓட்டினால் தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.7 முதல் 0.9 யூனிட் ஆகும். மாதம் 25 யூனிட்டுக்குப் பக்கம். ஓனர் 10 ரூபாய் போட்டாலும் 250 ரூபாய்தான். பில் எகிறுவதற்குப் பெரும்பாலும் அடுப்பு காரணம் இல்லை. குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் ராடுதான் காரணம். ஒரு வாளித் தண்ணீருக்கே முக்கால் யூனிட் போய்விடும், அதாவது ஒரு நாள் சமையல்.

அடுப்பு எப்படி

1,500 ரூபாயைச் சுற்றி வரும் 1200 வாட் மாடல்கள் பிரஸ்டீஜ், பிஜன், பட்டர்ஃபிளை போன்ற பெயர்களில் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் வேலைப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. பெயரைவிட இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பட்டன் வைத்ததா, தொடுதிரையா. தொடுதிரை பார்க்க அழகு. பால் பொங்கி வழிந்தாலோ ஈரக்கை பட்டாலோ தானாக அணையும், இல்லாவிட்டால் அழுத்தினாலும் கேட்காது. பட்டன் மேலுள்ள பிளாஸ்டிக் தாள் ஒன்றிரண்டு வருடத்தில் வெடிப்பு விடும், ஆனால் அதன்மேல் தெளிவான டேப் ஒட்டினால் படிப்பு முடியும்வரை ஓடும். ரூமுக்கு பட்டன்தான். இரண்டாவது, வாரண்டிக்கு எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது. காரைக்குடியிலேயே சர்வீஸ் எடுக்கிறார்களா, மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்புகிறார்களா என்று பில் போடும் முன் கேளுங்கள். அனுப்புகிற கதை என்றால் இரண்டு வாரம் ஓட்டல்தான்.

குறை என்று முதலில் சொல்லவேண்டியது குறைந்த தீ. கேஸ் அடுப்பில் சிம் வைத்தால் சிறு நெருப்பு தொடர்ந்து எரியும். இந்த அடுப்புகளில் 400 வாட் என்று வைத்தால் 400 வாட் தொடர்ந்து வராது. ஆயிரம் வாட்டுக்குப் பக்கத்தில் சில விநாடி ஓடும், சில விநாடி நிற்கும், மறுபடி ஓடும். சராசரிதான் 400. சோறு வேகும்போது இது தெரியாது. தாளிக்கும்போது நன்றாகத் தெரியும். மெல்லிய எவர்சில்வர் சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு போட்டதும் ஒன்றுமே நடக்காது. பிறகு அந்த ஆயிரம் வாட் வந்து விழும், கடுகு ஒரே மூச்சில் வெடிக்கும், மிளகாய் வற்றல் கறுக்கும், ரூம் முழுக்கக் கமறல். பக்கத்து ரூம்காரர் இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்டுவார். மாற்று வழி, அடி கனத்த சட்டி. கனம் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அடியே உள்வாங்கிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றியதும் 600-ல் வைத்து, கடுகு வெடிக்க ஆரம்பித்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு, இருக்கும் சூட்டிலேயே சோம்பு, வெந்தயம், வற்றல், கறிவேப்பிலையைப் போடுங்கள். கருகாது.

தோசை? முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சுருள் 15 முதல் 18 சென்டிமீட்டர் அகலம்தான். கல் அதைவிடப் பெரியதாக இருந்தால் நடுவில் சிவந்து ஓரம் மாவாக நிற்கும். ஊத்தப்பம் அளவில் குட்டித் தோசை வார்த்தால் வரும். பணியாரக் கல்லும் இதே கதைதான், நடுக் குழி தீயும், ஓரக் குழி வேகாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பணியாரம் சாப்பிட ஆசைப்பட்டால் பலகாரக் கடைக்குப் போய்விடுவது மரியாதை.

பாத்திரத்தில்தான் அடுத்த ஏமாற்றம். வீட்டிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி இந்த அடுப்பில் சூடேறாது. நம் வீடுகளில் புழங்கும் எவர்சில்வர் பெரும்பாலும் காந்தம் ஒட்டாத வகை. அலுமினியமும் பித்தளையும் அப்படியே. பாத்திரக்கடைக்குப் போகும்போது பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். அடியில் 'டக்'கென்று பிடித்து, தலைகீழாக ஆட்டினாலும் விழாமல் நின்றால் வாங்கலாம். நழுவினால் அடுப்பு ஓடும், சூடு பாதிதான் ஏறும். அடியின் அகலம் 12 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பாத்திரம் இருப்பதே அடுப்புக்குத் தெரியாமல் பீப், பீப் என்று கத்தி நின்றுவிடும். இதனால்தான் டீக்கு என்று வாங்கும் குட்டிப் பாத்திரம் பலரிடம் சும்மா கிடக்கிறது.

வாங்கவேண்டியது மூன்றே பாத்திரம். இண்டக்ஷன் அடி வைத்த 2 லிட்டர் குக்கர், அடி கனத்த ஒன்றரை லிட்டர் சட்டி, 14 சென்டிமீட்டர் அடியுள்ள ஒரு கைப்பிடிப் பாத்திரம். அலுமினியக் குக்கரின் அடியில் இரும்புத் தகடு பதித்திருப்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஒருமுறை காய்ந்துவிட்டால் அந்த அடி வெளியே புடைக்கும். தட்டையான தரையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், பம்பரம்போல் சுற்றினால் அடி போய்விட்டது. அதற்கப்புறம் சூடு சீராக ஏறாது, ரீங்காரமும் கூடும். குக்கர் வாங்கும்போதே கூடுதலாக ஒரு ரப்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசில் வராமல் மூடி ஓரத்தில் ஆவி கசிந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது அதைத்தான்.

ஒரு ஆளுக்குச் சோறு: புழுங்கல் அரிசி ஒரு ஆழாக்கு, அரை மணி ஊறவைத்து, மூன்று ஆழாக்குத் தண்ணீர். 1200-ல் முதல் விசில் வரட்டும், பிறகு 600-க்கு இறக்கி இன்னும் மூன்று விசில். ஆவி தானாக அடங்கவிட்டுத் திறவுங்கள். அந்த அடி கனத்த சட்டியில் செட்டிநாட்டுச் சும்மா குழம்பு இருபது நிமிட வேலை. பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, நெல்லிக்காய் அளவில் பாதி புளி, குழம்பு மிளகாய்த்தூள் ஒன்றரை ஸ்பூன். மேலே சொன்னபடி தாளித்து, வெங்காயம், தக்காளியை 800-ல் வதக்கி, தூளும் உப்பும் போட்டுக் கிளறிப் புளித்தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கொதித்தால் ஆயிற்று. வெஞ்சனத்துக்கு (தொட்டுக்கொள்ள) ஒரு முட்டை போதும். ஒரு வாரத்துக்கு இரண்டு தடவை இதை வைத்தால் சலிக்காது. பலகாரத்துக்கு, அதாவது டிபனுக்கு, கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் குக்கரில் வேகவைத்து மசித்துக் கோசமல்லி செய்தால், வெளியே வாங்கிய இடியாப்பத்துக்கு அதைவிட வேறெதுவும் வேண்டாம்.

எங்கே வைப்பது, எதனால் சாகும்

இண்டக்ஷன் சாவதற்கு முக்கியக் காரணம் காற்று கிடைக்காதது. அடியில் இருக்கும் சிறு காற்றாடி கீழிருந்து காற்றை இழுத்து உள்ளே உள்ள பவர் டிரான்சிஸ்டரைக் குளிர்விக்கிறது. எண்ணெய் படக்கூடாது என்று அடுப்புக்குக் கீழே தினத்தாள் விரிப்பவர்கள் அந்தக் காற்றைத்தான் அடைக்கிறார்கள். தாள் காற்றாடியோடு ஒட்டிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் அடுப்பு தானாக நிற்கும். சித்திரை வைகாசியில் ரூமே அடுப்பாக இருக்கும்போது இன்னும் சீக்கிரம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சமைத்து முடித்ததும் சுவர் சுவிட்சை உடனே அணைக்காமல், உள்ளே காற்றாடிச் சத்தம் நிற்கும்வரை இரண்டு நிமிடம் விடுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டுமே அடுப்பின் ஆயுளைக் கூட்டும்.

இரண்டாவது காரணம் கரப்பான். இரவில் அந்த இளஞ்சூட்டுக்குக் காற்றுத் துளை வழியாக உள்ளே போய்க் குடியிருக்கும், காலையில் சுவிட்ச் போட்டதும் போர்டில் பாலம் போட்டுப் பொசுக்கிவிடும். பல்லியும் எறும்பும் அப்படித்தான். ஆறிய பிறகு அடுப்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டி ஆணியில் மாட்டுவதுதான் தெரிந்தவர்கள் செய்வது. சுவர் பழைய செட்டிநாட்டுச் சாந்து என்றால் ஆணி அடிக்க நினைக்கவே வேண்டாம். அந்த வழவழப்பான பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதேபோல் பூச ஆள் தேட வேண்டும். அலமாரியில் வையுங்கள்.

சுவிட்ச் போட்டவுடன் ப்யூஸ் போகிறது என்றால் பெரும்பாலும் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட். மெக்கானிக் அதை மட்டும் மாற்றினால் பத்து நாளில் மறுபடி போகும். பக்கத்தில் 0.3 மைக்ரோஃபேரட் அளவில் ஒரு பெட்டிக் கப்பாசிட்டர் இருக்கும். அது வலுவிழந்திருந்தால் புதுப் பாகத்தையும் எரித்துவிடும். "அண்ணே, கப்பாசிட்டரையும் மீட்டர் வச்சுப் பாத்துருங்க, சீரீஸ் பல்புல போட்டுப் பாத்துட்டுக் கொடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். விவரம் தெரிந்தவர் என்று அவரும் கவனமாகப் பார்ப்பார். ப்யூஸ் அடிக்கடி போகிறது என்று ப்யூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம் ப்யூஸுக்குப் பதில் சுவருக்குள் வயர் எரியும்.

தரையைப் பற்றி ஒன்று. ஆத்தங்குடிக் கல் பதித்த ரூமில் தரையில் வைத்துத்தான் பலரும் சமைக்கிறார்கள். அந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுத் தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்தது. அதனால் புளிப்பு அதற்கு எதிரி. புளிக்குழம்போ எலுமிச்சைச் சாறோ சிந்தி ஒரு இரவு கிடந்தால் அந்த இடத்தில் பளபளப்பு செத்து, வெள்ளை வட்டமாக நிற்கும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் வட்டம் இன்னும் பெரிதாகும். சிந்தியவுடன் ஈரத்துணி, அதற்கப்புறம் காய்ந்த துணியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். அதைவிட நல்லது, மார்பிள் கடையில் மிச்சமாகக் கிடக்கும் கடப்பாக்கல் துண்டு இரண்டடிக்கு ஒன்றரையடி வாங்கி அதன்மேல் அடுப்பை வைப்பது. அட்வான்ஸில் பிடிக்கப்படும் பணம் பெரும்பாலும் இந்த வட்டங்களுக்குத்தான்.

5 கிலோ சிலிண்டர்

கேஸ் இணைப்பு வாங்க முகவரிச் சான்று வேண்டும். வாடகை ரூமில் அது கிடைக்காது. இந்தக் கவலைக்கு வந்த வழிதான் ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர். இந்தியன் ஆயிலில் 'சோட்டு' என்று பெயர். அடையாள அட்டை ஒன்று போதும். மானியம் கிடையாது, விலை மாதாமாதம் மாறும்.

இண்டக்ஷன் லாபமா இது லாபமா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று. 5 கிலோ கேஸ் அடுப்பில் எரிந்து பாத்திரத்துக்குக் கொடுக்கும் சூடு, இண்டக்ஷனில் ஏறத்தாழ 45 யூனிட் கொடுக்கும் சூட்டுக்குச் சமம். அன்றைய சிலிண்டர் விலையை 45-ஆல் வகுங்கள். வரும் எண் உங்கள் ஓனர் வாங்கும் யூனிட் விலையைவிடக் கூடுதல் என்றால் இண்டக்ஷன் லாபம், குறைவு என்றால் சிலிண்டர். உதாரணத்துக்கு 540 ரூபாய் என்று வைத்தால் 12 வரும். ஓனர் 10 ரூபாய் போட்டால் இண்டக்ஷன்தான். தனி ஆளுக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். மூன்று பேர் இரண்டு வேளை சமைத்தால் மூன்று வாரத்துக்குள் தீரும்.

பணத்தைத் தவிர இதற்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் நிற்கும் நாளில் இண்டக்ஷன் வெறும் பலகை, இது எரியும். அம்மா கொடுத்த பாத்திரம் எல்லாம் இதில் ஓடும். தோசை, பணியாரம் எல்லாம் வரும்.

வாங்கும்போது சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், கூடவே வருடம். அந்தத் தேதி தாண்டியதை வாங்காதீர்கள். ரெகுலேட்டரை அங்கேயே மாட்டிக் கழற்றிப் பாருங்கள். ட்யூப் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷாவாக இருக்கட்டும், இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள், தீக்குச்சியால் பார்க்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படுக்கும். படுக்கும் பாய் விரிக்கும் ரூமிலேயே சிலிண்டர் வைப்பது அதனால்தான் கூடாது. தரையோடு காற்றுப் போக வழி இருக்கும் அடுப்படியோ பின்வாசலோ இல்லாத ரூமுக்கு, எவ்வளவு லாபம் என்றாலும் நான் இதைச் சொல்லமாட்டேன். பெயரே இல்லாத குட்டிச் சிலிண்டரில் கிலோ கணக்கில் கேஸ் நிரப்பித் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மெஸ்

மூன்று வேளையும் மெஸ் என்பது காகிதத்தில்தான் சௌகரியம். மாதம் முன்பணம் கட்டி டோக்கன் வாங்கினால், வெள்ளி மாலை ஊருக்குப் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புபவருக்கு ஏழெட்டு வேளை வாரந்தோறும் வீண். விடுமுறைக்குக் கழிவு உண்டா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், டோக்கனை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாமா, நண்பர் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். "பாத்துக்கலாம் தம்பி" என்ற பதில் 'இல்லை' என்றுதான் பொருள்படும். மாதக் கட்டணத்தை 90-ஆல் வகுக்காமல், நீங்கள் உண்மையில் சாப்பிடப்போகும் வேளைகளால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தனிச் சாப்பாட்டு விலையைத் தாண்டிவிடும்.

மதியத்துக்கு மட்டும் மெஸ் நல்ல தேர்வு. கல்லூரி இடைவேளையில் ரூமுக்கு வந்து சமைத்துத் திரும்ப நேரம் இருக்காது, மதியச் சாப்பாட்டில் கிடைக்கும் கூட்டு, பொரியல், ரசத்தைத் தனி ஆளாகச் செய்வதும் கட்டாது. சேரும் முன் இரண்டு நாள் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், அதில் ஒரு நாள் ஒன்றே முக்கால் மணிக்குப் போங்கள். அந்த நேரத்திலும் பொரியல் இருக்கிறதா, ரசம் தண்ணீராகாமல் இருக்கிறதா என்பதுதான் மெஸ்ஸின் உண்மையான தரம். காரக்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயையும் பாருங்கள். கறுத்துப்போன பழைய எண்ணெய் என்றால் நாக்கைவிட வயிறு முதலில் சொல்லிவிடும்.

காலி செய்யும்போது

சப்-மீட்டர் ரீடிங்கைக் குடிவந்த அன்றும் மாதம் ஒன்றாம் தேதியும் போனில் படம் எடுத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தால் கடைசி நாளில் பேச்சே வராது. தரைக் கல்லையும் ப்ளக் பாயிண்டையும் குடிவந்த அன்றே படம் எடுத்து அதே சாட்டில் போட்டுவிடுங்கள். முன்பே இருந்த புளி வட்டமும் பழுப்பேறிய சாக்கெட்டும் உங்கள் தலையில் விழாது. அடுப்பை ஜூனியருக்கு விற்பதாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டிக் கொடுங்கள். 1200-ல் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆறு, ஆறரை ஆகிறது என்றால் ஒன்று வோல்டேஜ் குறைவு, இல்லையேல் பாத்திரம் சரியில்லை. வேறு பாத்திரத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.